எபாக்சி சோயா எண்ணெயை சிலிக்கா ரப்பர் கலவையில் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரப்பர் கலவையில் பெட்ரோலிய எண்ணெயை எடுத்துவிட்டு, தாவர எண்ணெயில் இருந்து செய்த சேர்மானத்தைப் போட்டுப் பார்க்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். 0, 5, 10, 15, 20 என்று எண்ணெயை ஏற்றுவார்கள், ஷீட் போடுவார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், 10-இல் பலம் கூடியிருந்தால் "எண்ணெய் சிலிக்காவை நன்றாகப் பரப்புகிறது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அளந்த எண் சரியாக இருக்கும். சொன்ன காரணத்துக்கு மட்டும் ஆதாரமே இருக்காது.

இயற்கை ரப்பரும் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரும் பாதிப் பாதி, அதில் பலத்துக்காகச் சேர்க்கும் சிலிக்காப் பொடி 50 பங்கு, அதற்குள் எபாக்சி ஏற்றிய (இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் வளையங்களாக மாற்றிய) சோயா எண்ணெய். இந்த ஒரு கலவையை எடுத்துக்கொண்டு முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை போகலாம். அளவெல்லாம் பி.எச்.ஆர். கணக்கில், அதாவது 100 பங்கு ரப்பருக்கு எத்தனை பங்கு என்று.

1. எண்ணெய் செய்யும் மூன்று வேலைகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த எண்ணெய் கலவைக்குள் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. ஒன்று, சாதாரண எண்ணெய் எதைப் போட்டாலும் நடக்கிற நீர்த்தல்: ரப்பர் சங்கிலிகள் எளிதாக நகரும், கடினம் குறையும், சிலிக்காவின் கன அளவுப் பங்கும் குறையும். இரண்டு, சிலிக்காவின் மேற்பரப்பு வேலை: சிலிக்காத் துகளின் மேல் இருக்கும் சிலனால் (சிலிக்கான்-ஹைட்ராக்சில்) தொகுதிகளோடு எபாக்சி வளையம் ஒட்டிக்கொள்கிறது, அதனால் துகளும் துகளும் சேர்ந்து கட்டியாவது குறைகிறது. மூன்று, கந்தகக் கணக்கு: தாவர எண்ணெயில் மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்புகள் ரப்பருக்குப் போக வேண்டிய கந்தகத்தைத் தின்கின்றன, எண்ணெயில் உள்ள அமிலம் ரப்பர் வேகும் (கந்தகத்தால் இறுகும், கியூர் என்பதும் இதுதான்) வேகத்தை மாற்றுகிறது, அதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிலனால்களை எண்ணெய் மூடிவிட்டால் அந்த ஆக்சிலரேட்டர் வேலைக்குத் திரும்பி வருகிறது.

இழுவிசைப் பலம் என்கிற ஒரே எண்ணுக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. அதை மட்டும் வைத்துக்கொண்டு எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றைத் தனியாகப் பிடிப்பதற்காகத்தான்.

2. கடைக்குப் போவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

எண்ணெய்: எபாக்சி சோயா எண்ணெய் பி.வி.சி. சேர்மானம் விற்பவர்களிடம் கிடைக்கும், அங்கே அதை ஈ.எஸ்.பி.ஓ. என்பார்கள். வாங்கும்போது சோதனைச் சான்றிதழில் மூன்று எண்ணைப் பாருங்கள். ஆக்சிரேன் ஆக்சிஜன், அதாவது எபாக்சி வளையங்களில் உள்ள ஆக்சிஜன், 6%-க்கு மேல் இருக்க வேண்டும், நல்ல சரக்கில் 6.5-ஐ ஒட்டி இருக்கும். அயோடின் எண் (இரட்டைப் பிணைப்புகளின் அளவு) ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும், சாதாரண சோயா எண்ணெயில் இது 120 முதல் 140 வரை இருக்கும், இந்த வித்தியாசம்தான் இரட்டைப் பிணைப்புகள் எபாக்சியாக மாறிவிட்டன என்பதற்குச் சாட்சி. அமில எண் 1-க்குக் கீழே. ஈரமான இடத்தில் திறந்து வைத்த கேனில் நாளாக ஆக வளையங்கள் திறந்துகொள்ளும், ஆகவே பழைய கேனை எடுத்தால் அமில எண்ணையும் ஆக்சிரேனையும் மறுபடி டைட்ரேஷன் செய்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

எஸ்.பி.ஆர்.: எண்ணெய் ஏற்றாத 1502 ரகம் வாங்குங்கள். 1712, 1723 போன்ற ரகங்களில் ஏற்கெனவே 37.5 பங்கு எண்ணெய் இருக்கிறது. அதை வாங்கிவிட்டு "0 பி.எச்.ஆர். எண்ணெய்" என்று அட்டவணையில் எழுதினால் மொத்த வேலையும் வீண். கடையில் இருப்பு இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள், மூட்டையில் உள்ள எண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இயற்கை ரப்பர்: ஐ.எஸ்.என்.ஆர். 5 அல்லது நல்ல புகை ஷீட், இரண்டில் எது வேண்டுமானாலும் சரி. ஆனால் எல்லா பேட்ச்சுக்கும் ஒரே பேலில் இருந்து வெட்டுங்கள், பேலுக்குப் பேல் மூனி (வேகாத ரப்பரின் கெட்டித்தன்மை எண்) மாறும்.

சிலிக்கா: பரப்பு கிராமுக்கு 175 சதுர மீட்டர் அளவில் உள்ள வீழ்படிவு சிலிக்கா. இதில் இயல்பாகவே 5 முதல் 7% ஈரம் இருக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கலவை நாளிலும் கொஞ்சம் எடுத்து 105 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து எடை இழப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக உலர்த்திவிடவும் வேண்டாம், சைலேன் (சிலிக்காவையும் ரப்பரையும் இணைக்கும் பொருள்) வேலை செய்ய கொஞ்சம் ஈரம் தேவை. முக்கியம் என்னவென்றால் எல்லா நாளும் ஒரே ஈரம்.

இயந்திரம்: ஆய்வகப் பான்பரி அல்லது நீடர் (மூடிய அறைக்குள் கலக்கும் இயந்திரங்கள்) இல்லாமல், இரு உருளைகளுக்கு நடுவில் அரைக்கும் டூ-ரோல் மில் மட்டும் வைத்திருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள். சைலேன் சிலிக்காவோடு சேர 140 டிகிரிக்கு மேல் வேண்டும், மில்லில் அந்தச் சூடு வராது. மில்லிலேயே சிலிக்காவும் சைலேனும் போட்டு ஷீட் அடிப்பவர்களின் கலவையில் சைலேன் அப்படியே கிடக்கும், பிறகு பிரஸ்ஸுக்குள் சூடானதும் வேலை செய்து எத்தனால் ஆவியை விட்டு ஷீட்டில் கொப்புளம் கொப்புளமாக வரும். மில் மட்டும்தான் என்றால் சிலிக்காவை விட்டுவிட்டு என்330 கார்பன் பிளாக் எடுங்கள். நீர்த்தல், கந்தகக் கணக்கு இரண்டையும் அதில் நன்றாகவே படிக்கலாம், சிலனால் பற்றிய பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

3. ஒப்பீட்டுக் கலவைகளை முதலில் எழுதுங்கள்

அடிப்படைக் கலவை இது: இயற்கை ரப்பர் 50, எஸ்.பி.ஆர். 1502 50, சிலிக்கா 50, எஸ்ஐ-69 சைலேன் 4, ஜிங்க் ஆக்சைடு 3, ஸ்டியரிக் அமிலம் 2, முதுமைத் தடுப்பான் 6பி.பி.டி. 1.5, கந்தகம் 1.5, ஆக்சிலரேட்டர்களான சி.பி.எஸ். 1.5, டி.பி.ஜி. 1. சைலேன் 4 என்பது சிலிக்கா எடையில் 8%, இந்தப் பரப்புள்ள சிலிக்காவுக்குப் பொருந்துகிற அளவு.

இதற்கு மேல் எண்ணெய். எபாக்சி எண்ணெய் 0, 5, 10, 15, 20 என்று ஐந்து கலவை. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் சிலவற்றைச் சேருங்கள்.

டி.டி.ஏ.இ. என்கிற சுத்திகரித்த பெட்ரோலிய எண்ணெய் 10, 20 என்று இரண்டு. இது சிலிக்காவோடு சேராது, கந்தகத்தையும் பெரிதாகத் தின்னாது, ஆகவே நீர்த்தலை மட்டும் காட்டும். பழைய அரோமாட்டிக் எண்ணெயை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 தொடங்கியே டயருக்கு அது கிடையாது, அதை ஜெயித்துக் காட்டி யாருக்கும் பயனில்லை.

எபாக்சி ஏற்றாத சாதாரண சோயா எண்ணெய் 10 என்று ஒன்று. இது கந்தகக் கணக்கைக் காட்டும். இதுவும் எபாக்சி 10-உம் வேறு வேறு நடத்தை காட்டினால்தான் எபாக்சி வளையத்துக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்று பேசவே ஆரம்பிக்கலாம்.

சிலிக்காவும் சைலேனும் இல்லாத வெறும் ரப்பர் கலவை இரண்டு, எண்ணெய் இல்லாமல் ஒன்று, எபாக்சி எண்ணெய் 10 போட்டு ஒன்று. சிலிக்கா இல்லாத இடத்தில் எண்ணெய் கியூரை எப்படி மாற்றுகிறது என்பது இதில் நேராகத் தெரியும். இதைச் செய்ய ஒரு மதியம் போதும், ஆனாலும் இந்த இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

4. பேட்ச் எடையைக் கன அளவில் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு பொருளின் பங்கையும் அதன் அடர்த்தியால் வகுத்துக் கூட்டுங்கள். இயற்கை ரப்பர் 0.92, எஸ்.பி.ஆர். 0.94, சிலிக்கா 2.0, எபாக்சி எண்ணெய் 0.99. எபாக்சி 10 போட்ட கலவைக்கு, கந்தகமும் ஆக்சிலரேட்டரும் சேர்ப்பதற்கு முன், அடர்த்தி 1.13 வரும். 1.5 லிட்டர் நீடரை 0.72 அளவுக்கு நிரப்பினால் சுமார் 1.2 கிலோ.

எடையை எல்லா பேட்ச்சுக்கும் ஒரே மாதிரி வைத்துவிடாதீர்கள், நிரப்பும் அளவை ஒரே மாதிரி வையுங்கள். நீடர் குறைவாக நிரம்பினால் கலவை வெறுமனே உருளும், சிலிக்கா உடையாது.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கும். எண்ணெய் இல்லாத கலவையில் சிலிக்காவின் கன அளவுப் பங்கு சுமார் 17.5%. எண்ணெய் 20 ஆனதும் அது 15.3%-க்கு இறங்கிவிடும். ஆக, கடினமும் மாடுலஸும் (விறைப்பு) குறைவதில் ஒரு பகுதிக்கு எண்ணெயின் வேதியியல் காரணமே இல்லை. இந்த எண்களை அட்டவணையின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

5. கலக்கும் வரிசை

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீடர் சேம்பரை 70 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். முதலில் இயற்கை ரப்பரை மட்டும் போட்டு ஒரு நிமிடம் அரையுங்கள், அதன் மூனி 1502-இன் 50-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ஒன்று கெட்டியாகவும் இன்னொன்று இளக்கமாகவும் இருந்தால் இரண்டும் நன்றாகக் கலக்காது, சிலிக்காவும் எண்ணெயும் இளக்கமான ரப்பருக்குள் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இயற்கை ரப்பர் மூனி 70, 80 என்று இருந்தால் முந்தைய நாளே மில்லில் அரைத்து வைத்துவிடுங்கள். அப்புறம் எஸ்.பி.ஆர்., இன்னொரு நிமிடம்.

இப்போது சிலிக்காவில் மூன்றில் இரண்டு பங்கும் சைலேன் முழுவதும். எண்ணெயை இந்த நேரத்தில் தொடாதீர்கள். எண்ணெயும் சைலேனும் ஒரே சிலனால்களுக்குத்தான் போட்டி போடுகின்றன, எண்ணெய் முன்னால் போனால் சைலேனுக்கு இடம் குறையும். தவிர, எண்ணெய் சீக்கிரம் போனால் கலவை இளகிவிடும், சிலிக்காக் கட்டிகளை உடைக்கும் இழுப்பு இருக்காது.

மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கு சிலிக்காவில் எண்ணெயை ஊற்றித் தனிப் பாத்திரத்தில் கிளறி வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா நிறைய உறிஞ்சும், 20 பங்கு எண்ணெயே என்றாலும் ஈரப் பொடியாகத்தான் இருக்கும், ஒழுகாது. முந்தைய சேர்ப்புக்கு இரண்டு நிமிடம் கழித்து இதைப் போடுங்கள். எண்ணெயைத் தனியாக ஊற்றினால் ரோட்டர் வழுக்கும், டார்க் (முறுக்கு விசை) விழுந்துவிடும், எண்ணெய் சேம்பர் ஓரத்தில் தேங்கி பேட்ச்சுக்குப் பேட்ச் வேறு வேறு அளவு உள்ளே போகும்.

பிறகு வெப்பநிலை. கலவை 145 டிகிரியைத் தொட்டதும் ரோட்டர் வேகத்தைக் குறைத்து 145-க்கும் 150-க்கும் நடுவில் 3 நிமிடம் பிடித்து வையுங்கள். சைலேன் சிலிக்காவோடு சேர்வது இந்த 3 நிமிடத்தில்தான். 160-ஐத் தாண்டவிடாதீர்கள், எஸ்ஐ-69 தன்னிடம் உள்ள கந்தகத்தை விட ஆரம்பித்து கலவை நீடருக்குள்ளேயே வெந்துவிடும். எத்தனால் ஆவி வரும், எக்ஸாஸ்ட் ஓடட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது.

மிகவும் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. எல்லா பேட்ச்சையும் ஒரே நிமிடக் கணக்கில் இறக்குவது. எண்ணெய் இல்லாத கலவை கெட்டியாக இருப்பதால் சீக்கிரமே 150-ஐத் தொட்டுவிடும். எண்ணெய் 20 உள்ள கலவை வழுவழுவென்று ஓடிக்கொண்டே 125-இலேயே நிற்கும். 7-ஆவது நிமிடத்தில் இரண்டையும் இறக்கினால் முதலாவதில் சைலேன் முழுதாக வேலை செய்திருக்கும், இரண்டாவதில் பாதிகூட செய்திருக்காது. பிறகு பலம் குறைந்ததற்கு எண்ணெயைக் குற்றம் சொல்வோம். கடிகாரத்தை விட்டுவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். எண்ணெய் அதிகமுள்ள பேட்ச்சுக்கு ரோட்டர் வேகத்தை ஏற்றியோ சேம்பர் சூட்டை ஏற்றியோ 145-க்குக் கொண்டுவந்து அதே 3 நிமிடம் பிடியுங்கள். திரையில் தெரியும் சேம்பர் சூட்டை நம்பவும் வேண்டாம், இறக்கியவுடன் ஊசி வெப்பமானியைக் கலவைக்குள் குத்திப் பார்த்து எழுதுங்கள்.

எபாக்சி 10-க்கு மட்டும், எண்ணெயை முதலிலேயே சைலேனோடு சேர்த்துப் போட்ட இன்னொரு பேட்ச் செய்துவையுங்கள். வரிசை மாறினால் என்ன ஆகிறது என்பதை இது தனியாகச் சொல்லும். உற்பத்தியில் இந்த எண்ணெயைப் பயன்படுத்தப்போகிறவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

6. இரண்டாம் கட்டம், கந்தகக் கட்டம்

முதல் கட்டக் கலவையை ஷீட்டாக்கி ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் மறுபடி நீடரில் போட்டு ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், 6பி.பி.டி. சேருங்கள். ஜிங்க் ஆக்சைடை முதல் கட்டத்தில் போடாததற்குக் காரணம், அதுவும் சிலிக்காவின் மேற்பரப்புக்கு ஓடிப் போய் சைலேனுக்கு இடைஞ்சல் செய்யும்.

கந்தகம், சி.பி.எஸ்., டி.பி.ஜி. மூன்றும் டூ-ரோல் மில்லில். ரோல் 50 முதல் 60 டிகிரி, கலவை 100-ஐத் தொடக் கூடாது. இரு பக்கமும் முக்கால் வெட்டு போட்டு மடித்து, கடைசியில் இடைவெளியைக் குறைத்துச் சுருட்டிச் சுருட்டி ஆறு முறை விடுங்கள். எண்ணெய் அதிகமுள்ள கலவை ரோலில் ஒட்டும், அதற்காக ரோலில் டால்க் தூவாதீர்கள், ரோலின் சூட்டைக் குறையுங்கள். மில்லில் கை வைக்கும் முன் அவசர நிறுத்தக் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஷீட்டை வெட்டிய பிறகு சோதனைக்கு முன் எல்லாக் கலவைக்கும் ஒரே காத்திருப்பு நேரம், 16-இலிருந்து 24 மணி நேரத்துக்குள். சிலிக்கா வேகாத ரப்பருக்குள் நாள் போகப் போக மறுபடி கட்டியாகச் சேரும். ஒன்றை மறுநாளும் இன்னொன்றை அடுத்த வாரமும் சோதித்தால் நீங்கள் அளப்பது எண்ணெயின் வேலையை அல்ல, அலமாரியில் கிடந்த நாட்களை.

7. ரியோமீட்டரும் மூனியும்

150 டிகிரியில் எம்.டி.ஆர். (கலவை வேகும்போது டார்க்கை அளக்கும் ரியோமீட்டர்) ஓட்டுங்கள், ஏ.எஸ்.டி.எம். டி 5289 முறை. 170, 180 என்று வேகமாக முடிக்கப் பார்க்காதீர்கள், இயற்கை ரப்பர் பாதி இருக்கிறது, ரிவர்ஷன் (அதிகச் சூட்டில் பிணைப்புகள் அறுவது) வந்து அதிகபட்ச டார்க்கைக் கெடுக்கும். மூனி 100 டிகிரியில் எம்.எல். 1+4 (பெரிய ரோட்டர், 1 நிமிடம் சூடாக்கி 4 நிமிடம் ஓட்டுவது).

குறைந்தபட்ச டார்க்கும் மூனியும் எண்ணெய் ஏற ஏற இறங்கும், இதில் வியப்பில்லை. டி.டி.ஏ.இ.-யை விட எபாக்சி எண்ணெய் அதே அளவில் அதிகமாக இறக்குகிறதா என்பதுதான் கேள்வி. இறக்கினால் சிலிக்கா வலை தளர்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது, அதை 10-ஆம் படியில் உறுதி செய்யலாம்.

ஸ்கார்ச் நேரத்தை, அதாவது கலவை வேகத் தொடங்கும் வரையுள்ள நேரத்தை, கவனமாகப் பாருங்கள். டி.பி.ஜி. இந்தக் கலவையில் இரண்டு காரணத்துக்காக இருக்கிறது, சிலனால்களை மூடுவதற்கு, கியூருக்கு உதவுவதற்கு. எண்ணெயும் சிலனால்களை மூடினால் டி.பி.ஜி. மிச்சமாகி ஸ்கார்ச் நேரம் குறையும். வெறும் ரப்பர் கலவையில் இந்தக் குறைவு இல்லாமல் சிலிக்காக் கலவையில் மட்டும் இருந்தால் காரணம் சிலிக்கா மேற்பரப்புதான் என்று தைரியமாகச் சொல்லலாம். மாறாக இரண்டிலும் கியூர் மெதுவாகியிருந்தால் எண்ணெயின் அமில எண்ணை மறுபடி பாருங்கள்.

8. ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் வேகவையுங்கள்

2 மி.மீ. ஷீட்டுக்கு ஒவ்வொரு கலவையின் சொந்த டி-90 (90% வேகும்) நேரம். உருண்டை, கடினக் கட்டை போன்ற தடித்தவற்றுக்குக் கூடுதலாக 5 நிமிடம். எல்லாவற்றையும் வசதிக்காக 15 நிமிடம் என்று வைத்தால் ஒன்று வேகாமலும் இன்னொன்று அதிகமாக வெந்தும் வரும்.

9. பலத்துக்கு முன் குறுக்குப்பிணைப்பு

ஷீட் கையில் வந்ததும் எல்லாரும் டம்ப்பெல் வடிவத் துண்டு வெட்டி இழுக்கப் போய்விடுவார்கள். முதலில் குறுக்குப்பிணைப்பு அடர்த்தியை (கந்தகம் ரப்பர் சங்கிலிகளை எவ்வளவு நெருக்கமாக இணைத்திருக்கிறது என்பதை) பாருங்கள், அது தெரியாமல் பலத்தின் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

வெந்த துண்டை முதலில் சாக்ஸ்லெட் கருவியில் அசிட்டோனால் கழுவி எடுங்கள், எடை இழப்பைக் குறியுங்கள். எண்ணெய் இல்லாத கலவையின் இழப்பைக் கழித்தால் (ஸ்டியரிக் அமிலம், 6பி.பி.டி. மாதிரியானவை அதில் அடங்கும்) எண்ணெயில் எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியும். டி.டி.ஏ.இ. ஏறக்குறைய போட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். எபாக்சி எண்ணெயில் ஒரு பங்கு வராமல் உள்ளே தங்கினால் அது சிலிக்காவிலோ வலையிலோ பிணைந்திருக்கிறது. சாதாரண சோயா எண்ணெயிலும் ஒரு பங்கு தங்கலாம், அது கந்தகத்தின் வழியாக ரப்பரோடு சேர்ந்த பங்கு. மலிவான சோதனை, நிறையச் சொல்லும்.

எடுத்து உலர்த்திய துண்டில் 0.3 கிராம் அளவுக்கு வெட்டி டொலுயினில் 72 மணி நேரம் இருட்டில் ஊறவிடுங்கள், தினம் டொலுயினை மாற்றுங்கள். எடுத்து, மேலே துடைத்து, உடனே மூடிய குப்பியில் எடை போடுங்கள், பிறகு 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். ஊறிய அளவிலிருந்து குறுக்குப்பிணைப்பைக் கணக்கிடும் ஃப்ளோரி-ரேனர் சமன்பாட்டில் போடும்போது சிலிக்காவின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள், சிலிக்கா ஊறாது. கலப்பு ரப்பர் என்பதால் டொலுயினோடு உள்ள இடைவினை மாறிலிக்கு ஒரு மதிப்பைத் தேர்ந்து எல்லாக் கலவைக்கும் அதையே வையுங்கள். கிடைக்கும் எண்ணைத் தனித்த உண்மையாகப் பார்க்காமல் ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அசிட்டோன் படியைத் தாண்டிவிட்டு நேராக டொலுயினில் போடுவோர் உண்டு. எண்ணெய் டொலுயினில் கரைந்து போய்விடும், உலர்ந்த எடை குறையும், அந்த இழப்பை வேகாத ரப்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

10. சிலிக்கா வலை உண்மையில் தளர்ந்ததா

ஆர்.பி.ஏ. (ரப்பரை வெவ்வேறு அளவு திரித்து அதன் விறைப்பை அளக்கும் கருவி) இருந்தால் கந்தகம் போடாத கலவையை எடுத்து, சிறு திரிபில் தொடங்கி 100% வரை ஓட்டுங்கள். சிறு திரிபில் உள்ள சேமிப்பு மாடுலஸுக்கும் (மீள்விறைப்பு) பெரிய திரிபில் உள்ளதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெய்ன் விளைவு. சிலிக்காத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோர்த்து நிற்பது எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய வீழ்ச்சி.

இங்கேயும் எண்ணெய் இல்லாத கலவையோடு ஒப்பிட்டால் எல்லா எண்ணெயும் நல்லதாகத்தான் தெரியும், ஏனென்றால் நீர்த்தாலே வலை தளரும். எபாக்சி 10-ஐ டி.டி.ஏ.இ. 10-ஓடு வையுங்கள்.

ஆர்.பி.ஏ. இல்லாதவர்கள் கட்டுண்ட ரப்பரை அளக்கலாம். கந்தகம் போடாத கலவையில் அரை கிராம் பொடியாக நறுக்கி, எஃகுச் சல்லடைப் பையில் கட்டி, டொலுயினில் மூன்று நாள். கரையாமல் நிற்பதில் சிலிக்காவைக் கழித்தால் சிலிக்காவில் ஒட்டிய ரப்பர். இதையே அம்மோனியா ஆவிச் சூழலில் வைத்து இன்னொரு முறை செய்தால் வெறுமனே ஒட்டியிருப்பது விட்டுப் போகும், வேதிப் பிணைப்பில் உள்ளது மட்டும் நிற்கும். எண்ணெயை முதலிலேயே போட்ட பேட்ச்சில் இந்த இரண்டாவது எண் குறைந்திருந்தால் சைலேனின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

11. இழுவிசை, கடினம், தேய்மானம்

இவை எல்லாருக்கும் தெரிந்தவை, சுருக்கமாகப் போகிறேன். இழுவிசை ஐ.எஸ்.ஓ. 37, கலவைக்கு ஐந்து டம்ப்பெல், நடுமதிப்பை எடுங்கள். கடினம் ஷோர் ஏ, 2 எண்ணெய்ப் பங்குக்கு ஏறத்தாழ 1 புள்ளி இறங்குவது இயல்பு, அதைத் தாண்டி இறங்கினால்தான் கவனிக்க வேண்டும். தேய்மானம் ஐ.எஸ்.ஓ. 4649, எடை இழப்பைக் கன அளவாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும், அடர்த்தி கலவைக்குக் கலவை மாறுகிறது. டி.எம்.ஏ. (அதிர்வில் ரப்பரின் நடத்தையை அளக்கும் கருவி) இருந்தால் 0 டிகிரியிலும் 60 டிகிரியிலும் டான் டெல்டா (வெப்பமாக வீணாகும் ஆற்றலின் அளவு), முதலாவது ஈரச் சாலைப் பிடிப்புக்கு, இரண்டாவது உருளும் தடைக்கு அடையாளம்.

12. எண்களைச் சேர்த்துப் படிப்பது

இப்போது எல்லா எண்ணும் ஒரே தாளில் இருக்கிறது. மாடுலஸ் 300 (300% நீட்டும்போது உள்ள இழுவிசை) குறைந்திருக்கிறது, குறுக்குப்பிணைப்பு அப்படியே இருக்கிறது, டி.டி.ஏ.இ.-யிலும் அதே அளவு குறைந்திருக்கிறது என்றால் வெறும் நீர்த்தல், எபாக்சிக்குப் பெருமை சேர்க்க ஒன்றுமில்லை.

மாடுலஸும் குறைந்து குறுக்குப்பிணைப்பும் குறைந்திருந்தால் கந்தகக் கணக்கு. சாதாரண சோயா எண்ணெயில் இது தெளிவாகத் தெரியும். இந்த நிலையில் நீட்சியும் கிழிசல் வலிமையும் கூடி "நல்ல முன்னேற்றம்" போலக் காட்டும், ஆனால் அது குறைவாக வெந்த ரப்பரின் இயல்பு. இந்த இடத்தில் ஏமாந்து எழுதப்பட்ட முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், அத்தனை உழைப்பும் வெந்த அளவைப் பார்க்காததால் வீணாகிறது.

குறுக்குப்பிணைப்பு ஏறக்குறைய சமம், பெய்ன் விளைவு டி.டி.ஏ.இ.-யை விடக் குறைவு, அசிட்டோனில் எண்ணெய் முழுவதும் வெளியே வரவில்லை, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால்தான் எண்ணெய் சிலிக்காவில் வேலை செய்தது என்று எழுதுங்கள். இழுவிசைப் பலம் குறைந்த அளவில் ஏறி, பிறகு இறங்கும் வளைவுக்கு அப்போதுதான் காரணம் கிடைக்கும்: ஏறுவது கட்டிகள் உடைந்ததால், இறங்குவது நீர்த்தல் மேலோங்கியதால்.

13. இரண்டாம் சுற்று: சமமாக வேகவைத்து மறுபடி

எபாக்சி 10-இன் குறுக்குப்பிணைப்பு குறைந்திருந்தால் கந்தகத்தை 0.1, 0.2 என்று கூட்டி, எண்ணெய் இல்லாத கலவையின் மதிப்புக்குக் கொண்டுவந்து மறுபடி எல்லாச் சோதனையும் செய்யுங்கள். ஸ்கார்ச் குறைந்திருந்தால் டி.பி.ஜி.-யைக் குறையுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். இந்தச் சுற்றில் கிடைக்கும் வித்தியாசம்தான் தொழிற்சாலையில் நிற்கும், ஏனென்றால் அங்கே எண்ணெயை மாற்றுகிறவர் கியூரையும் கட்டாயம் சரிசெய்துகொள்வார்.

வேறு தாவரச் சேர்மானம் என்றால் இந்தச் சுற்றின் அளவு மாறும். பாமாயில் கொழுப்பையும் டையெத்தனாலமீனையும் சேர்த்துச் செய்த ஆல்கனோலமைடு கியூரை நன்றாகவே வேகப்படுத்தும், அதற்கு ஆக்சிலரேட்டரைக் குறைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ராக்சில் இருப்பதால் இயற்கை ரப்பரோடு அவ்வளவாக ஒத்துப்போகாது, குறைந்த அளவிலேயே மேலே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயில் இருந்து எடுக்கும் கார்டனாலில் ஃபீனாலும் இரட்டைப் பிணைப்புள்ள வாலும் சேர்ந்தே இருக்கின்றன, ஆகவே 3-ஆம் படியில் சொன்ன வெறும் ரப்பர் கலவை அதற்குக் கட்டாயம்.

14. முதுமையும் கசிவும்

டம்ப்பெல்களில் ஒரு பகுதியை 70 டிகிரி ஓவனில் 168 மணி நேரம் வைத்து மறுபடி இழுங்கள். ஒரே ஓவனில் வேறு வேறு எண்ணெய் உள்ள துண்டுகளைச் சேர்த்துத் தொங்கவிடாதீர்கள், ஆவியாகி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். சாதாரண சோயா எண்ணெய் போட்டதில் இரட்டைப் பிணைப்புகள் காற்றோடு சேர்ந்து கடினம் கூடுவதைக் காணலாம், எபாக்சி ஏற்றியதில் அந்தத் தொல்லை குறைவு.

கசிவுக்கு அவசரப்பட முடியாது. எபாக்சி எண்ணெய் துருவத்தன்மை உள்ளது, இயற்கை ரப்பர் அப்படி இல்லை, அளவு கூடினால் மெதுவாக மேலே வரும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு ஷீட்டை வடிகட்டித் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரே எடையைப் போட்டு, அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை தாளையும் ஷீட்டையும் எடை போட்டு, ஷீட்டின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்துக் குறியுங்கள். ஒரு மாதத்துக்குள் 15-உம் 20-உம் தாளில் எண்ணெய் வட்டம் காட்டி 10 காட்டவில்லை என்றால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் உச்ச அளவு 10 என்றே அறிக்கையில் எழுதுங்கள்.